அசரியா பணிந்த இடமும் பணியாத இடமும்

1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குப் போன ஓர் இளைஞரிடமிருந்து இந்தப் பேச்சைத் தொடங்கலாம். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று, திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காட்டு ஊரான வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் ஊர்ச் சபையின் குருவானவர். அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளர். தென்னிந்தியா முழுக்க ரயிலேறிப் போய் இளைஞர் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் கண்ட ஒரு காரியம் அவரை உலுக்கிவிட்டது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்களுக்குள் ஒரு மிஷனெரி சங்கம் அமைத்து, கைக்காசைச் சேர்த்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரைக்கு ஓர் ஊழியரை அனுப்பியிருந்தார்கள்.

திருநெல்வேலியிலிருந்து அப்படி யாரும் புறப்படவில்லை. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785ஆம் ஆண்டினுடையது. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஊருக்கு ஊர் கோபுரம், பள்ளிக்கூடம், பாடகர் குழு எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் வெளியூருக்கு நற்செய்தி கொண்டுபோவது வெள்ளைக்காரர் வேலை, அதற்குப் பணம் தருவது லண்டன் வேலை என்ற எண்ணம் சபைகளில் வேரோடியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய அசரியா இதைச் சொந்த ஜனத்தின் வெட்கமாக எடுத்துக்கொண்டார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் நிர்வாகமும் பணமும் இங்கேயே கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தமிழ்நாட்டில்கூட இல்லை. நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்தில், தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதி அது. இரண்டு ஆண்டு கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளில், வில்லியம் கேரி வாழ்ந்த செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொதுச்செயலாளரும் இவரே.

சங்கம் தொடங்குவது ஒன்று, அதன் ஊழியராகத் தானே போவது வேறு. எத்தனையோ பேர் முதலாவதோடு நின்று நல்ல பெயரும் வாங்கியிருக்கிறார்கள். அசரியாவும் நின்றிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1907இல் டோக்கியோவில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குப் போய்வந்தவர் அவர். நாடறிந்த பேச்சாளர், இரண்டு சங்கங்களின் தூண். மற்றவர்களை டோர்னக்கலுக்கு அனுப்பிவைத்துக்கொண்டே இருந்த மனிதர், தான் ஏன் போகக்கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்ட பிறகு அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க அவரால் முடியவில்லை. ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டார். 1909இல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில், காட்டோரத்து ரயில் சந்திப்பான டோர்னக்கலில் போய் இறங்கினார். முதலில் குடியிருந்தது கூடாரத்தில். பேச வேண்டிய மொழி தெலுங்கு. மேடைமேடையாய் ஆங்கிலத்திலும் தமிழிலும் முழங்கிப் பழகியவர், கிராமத்துச் சிறுவர்கள் முன்னால் எழுத்துக்கூட்டிப் பேசும் நிலைக்கு மனமுவந்து இறங்கினார்.

கிறிஸ்தவத் தலைமையில் தாழ்மை என்று சொன்னதும் நம் மனத்தில் எழும் உருவம் வேறு. மெதுவாகப் பேசுபவர், கைகூப்பியபடி நிற்பவர், பெரியவர்கள் எதிரே வாய் திறவாதவர். அசரியாவை அந்த உருவத்துக்குள் அடைக்கவே முடியாது. டோர்னக்கலுக்குப் போன மறு ஆண்டே அது உலகுக்குத் தெரிந்தது.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்களை எண்ண இரண்டு கை விரல்களும் கால் விரல்களும் போதும். மேலைநாட்டு மிஷனெரிகளும் உள்ளூர் ஊழியர்களும் எப்படி ஒத்துழைக்கலாம் என்பது அசரியாவுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நாலு நன்றி வார்த்தை சொல்லி அமர்ந்திருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும். அவரோ இந்தியாவில் மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியை எடுத்துச் சொன்னார். ஆண்டுக்கணக்காக ஒரே திருப்பணியில் இருந்தும் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்றார். பேச்சின் முடிவில், அன்பைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். மிஷனெரிகள் தங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்ததையும், உடலையே வருத்திக்கொண்டதையும் இந்தியச் சபை நன்றியோடு நினைவுகூரும் என்று சொல்லி, இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த மிஷனெரிகள் சிலருக்கு முகம் சிவந்தது. அவருக்கு எதிர்காலம் ஒன்று இருக்குமானால் அது அதே மிஷனெரிகள் கையில்தான் இருந்தது. தெரிந்தேதான் பேசினார்.

நன்றி மறக்காமலும் பயப்படாமலும் ஒருவரால் ஒரே மூச்சில் பேச முடிந்ததே, அதுதான் அந்தச் சொற்பொழிவின் சிறப்பு. தனக்கு என்று எதையும் அவர் கேட்கவில்லை. பதவி, சம்பளம், மரியாதை ஒன்றுமே அந்த விண்ணப்பத்தில் இல்லை. தன்னைப் பற்றிய கணக்கு எதுவும் நெஞ்சில் இல்லாதவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். தாழ்மையும் துணிவும் எதிரெதிர் குணங்கள் என்று நம் ஞாயிறு பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

அடுத்த சோதனை பதவி வடிவில் வந்தது. சென்னை அத்தியட்சராக இருந்த ஹென்றி வைட்ஹெட், ஓர் இந்தியர் அத்தியட்சராக வேண்டும் என்றும் அது அசரியாவாக இருக்க வேண்டும் என்றும் விடாமல் வாதாடினார். எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்கள் ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்வார்களா என்று மிஷனெரிகள் கேட்டார்கள். ஒரு நாடாரை அத்தியட்சராக ஏற்பதா என்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஒரே வேதத்தை வாசித்து, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணியவர்கள்தாம் இரு தரப்பாரும். சொந்த ஜனம் சாதியைச் சொல்லித் தடுத்தது வெள்ளையர் நிறத்தைச் சொல்லித் தடுத்ததைவிடக் கசப்பானது. திருநெல்வேலிச் சபை வரலாற்றைப் பெருமையோடு பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா அபிஷேகம் பண்ணப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது தேர்வு வேளையில் நோயில் விழுந்ததால் பட்டம் பெறாமலேயே வெளியேறியவர் அவர். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆங்கிலேயர் கீழ்ப்படிவார்களா என்ற பழைய கேள்விக்கும் 1920களில் விடை கிடைத்தது. சின்னஞ்சிறு டோர்னக்கல் திருமண்டலத்தோடு கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிச் சபைகள் சேர்க்கப்பட்டபோது, அங்கிருந்த ஆங்கிலேய மிஷனெரிகளும் அவருடைய ஆளுகைக்குள் வந்தார்கள். வேலை நின்றுபோகவில்லை.

ஆனால் அவர் அத்தியட்சராக இருந்த விதத்தைப் பார்க்க வேண்டிய இடம் பேராலயமோ பல்கலைக்கழகமோ அல்ல. ஊருக்கு வெளியே இருந்த மாலா, மாதிகா சேரிகள்தாம். டோர்னக்கல் திருமண்டலத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டு சமூகத்தவர். ஊர் இவர்களை ஒதுக்கிவைத்தது. அதோடு மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரையொருவர் ஒதுக்கிவைத்தார்கள். ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் வாங்கமாட்டார். ஆளுக்கொரு ஆலயம் கட்டிக்கொடுத்திருந்தால் எண்ணிக்கை இன்னும் வேகமாக ஏறியிருக்கும், தலைவலியும் குறைந்திருக்கும். அசரியா அதற்கு இணங்கவில்லை. ஒரே ஆலயம், ஒரே பந்தி, ஒரே திருவிருந்துப் பாத்திரம் என்று உறுதியாக நின்றார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிர்த்துக் கிராமம் கிராமமாகப் போராடினார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் அவர் போன பயணங்களுக்குக் கணக்கில்லை. மரத்தடியில் தரையில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகளிடம் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாகக் கேட்டுச் சோதிப்பார்.

ஞானஸ்நானம் கொடுக்கும்போது அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். புதிதாக ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்துக்கொண்டு ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தனக்குக் கேடு வரும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் தன்னைக் குறித்து எழுதியதை, அந்தப் பண்ணைக்கூலியும் தன்னைக் குறித்தே சொல்ல வேண்டும்.

இதை யாரிடம் சொல்லச் சொன்னார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக, நீ வாயைத் திறக்காதே என்று மட்டுமே கேட்டு வளர்ந்த மனிதரிடம், நீ பேசாமல் இருப்பதுதான் தவறு என்று ஓர் அத்தியட்சர் சொல்கிறார். அவர்கள் முதலில் நன்றாகப் படிக்கட்டும், பிறகு பொறுப்புக் கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தலைமையில் விசுவாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தேவன் மலையைப் பெயர்ப்பார் என்று நம்புகிற தலைவர்கள் பலர் உண்டு. அதே தேவன் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் எளியவனுக்குள்ளும் வேலை செய்வார் என்று நம்பி, அவன் கையில் வேலையை ஒப்படைக்கத்தான் தயங்குகிறார்கள்.

ஒப்படைத்ததன் பலன் என்ன? கிராம உபதேசியார்கள் நூற்றுக்கணக்கில் உருவானார்கள். டோர்னக்கலில் குருத்துவப் பயிற்சிக்கு வந்த ஆண்களோடு அவர்கள் மனைவிமாரும் வந்து படித்தார்கள். அந்தப் பெண்களின் கல்வியைத் தாங்கியவர் அசரியாவின் துணைவியார் அன்பு மாரியம்மாள். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களில் ஒருவர் அவர். 1930களின் நடுவில் திருமண்டலத்தின் கிறிஸ்தவ மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதைவிட வியப்பான செய்தி வேறொன்று. சேரியில் வாழ்ந்தவர்கள் குடியை விட்டதையும், பிள்ளைகளைப் படிக்கவைத்ததையும், சண்டை குறைந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்த மேல்சாதி விவசாயிகள் ஆயிரக்கணக்கில் சபையைத் தேடி வந்தார்கள். தங்களிடம் கைகட்டி நின்றவர்களிடமிருந்து அவர்கள் விசுவாசத்தைக் கற்றுக்கொண்டார்கள். இந்தியச் சபை வரலாற்றில் மேலிருந்து கீழே ஓடிய சுவிசேஷத்தின் கதைகள் பல இருக்கின்றன. கீழிருந்து மேலே ஏறிய இந்தக் கதையைத் தமிழ்ச் சபைகளில் அதிகம் சொல்லக் காணோம்.

பணத்திலும் அதே நம்பிக்கைதான். ஏழைகளிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று இரக்கமுள்ளவர்கள் சொன்னார்கள். கேட்காமல் விடுவது அவர்களை என்றென்றும் பிச்சைக்காரராகவே எண்ணுவதாகும் என்று அசரியா நினைத்தார். அடுப்பேற்றும் வேளையில் ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் திருநெல்வேலித் தாய்மாருக்குப் புதிதல்ல. தெலுங்கு நாட்டிலும் அந்தக் கைப்பிடித் தானியம் சபையைத் தாங்கியது. கிறிஸ்தவர் கொடுக்கும் முறை பற்றித் தனி நூலே எழுதினார்.

டோர்னக்கல் பேராலயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டி முடிக்க இருபது ஆண்டுக்கு மேல் பிடித்து, 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆங்கிலேய நாட்டுக் கூர்கோபுரத்தை அதில் தேடினால் கிடைக்காது. கோயில் மண்டபத்தின் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் அங்கே ஒரே கட்டடத்துக்குள் வந்திருக்கின்றன. தூண்களில் தாமரையும் வாழைப்பூவும் ஊமத்தம்பூவும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தலைவனாக வந்தவன் தன் ரசனையைக் கல்லில் ஏற்றிவிட்டுப் போவதே வழக்கம். இந்த ஆலயமோ தெலங்கானா மண்ணில் ஏற்கெனவே இருந்த இரண்டு சமய மரபுகளிடமும் கடன் வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது.

அவருக்கும் எல்லைகள் இருந்தன. ஆங்கிலிக்கன் வழிபாட்டு ஒழுங்கை அவர் உயிராய் மதித்தார். அதில் தளர்வுகளை எளிதில் அனுமதிக்கமாட்டார். சபை ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். விடுதலைப் போராட்டக் காலத்துத் தேசியவாதிகளுக்கு அவர் முழுமையாக உவப்பானவராக இருந்ததில்லை. காந்தியடிகளோடு அவருக்கு இருந்த கருத்து மோதல் வெளிப்படையானது. 1936இல் அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் ஜான் மாட்டோடு பேசும்போது, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நற்செய்தியைப் புரிந்துகொள்ளும் அறிவு இல்லை என்ற பொருளில் காந்தி சொன்னது கிறிஸ்தவர்களைப் புண்படுத்தியது. அசரியாவின் இருபத்தைந்தாண்டு வேலை முழுவதும் அந்தக் கருத்துக்கு நேர் எதிரான நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. ஆனால் ஒரு செய்தியில் அவர் தன் சமூகத்துக்கே எதிராக நின்றார். சட்டமன்றங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று பலர் கேட்டபோது, 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு அதை அளித்தபோது, அவர் எதிர்த்தார். அரசாங்கத்தின் வேலிக்குள் பாதுகாக்கப்படும் ஒரு சமூகமாகச் சபை சுருங்கிவிட்டால் அதன் சாட்சி போய்விடும் என்பது அவர் கருத்து. தன் கூட்டத்துக்கு இடம் வாங்கிக்கொடுப்பவரே தலைவர் என்று கருதப்பட்ட காலத்தில் அப்படிச் சொல்ல விசுவாசம் வேண்டும்.

இன்றைய நிலையையும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. திருமண்டலத் தேர்தல் வந்தால் ஊரே இரண்டு அணியாகிறது. சுவரொட்டி ஒட்டுகிறோம், சாதிக் கணக்குப் பார்க்கிறோம், வழக்காட நீதிமன்றம் வரை போகிறோம். பேராயர் வரும்போது சால்வையும் வாண வேடிக்கையும். அதே ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்குட்டிக்கு மாதச் சம்பளம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார் குறைவு. மேலே இருப்பவரிடம் பணிவும் கீழே இருப்பவரிடம் அதிகாரமும் காட்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அசரியா மேலே இருந்தவர்களிடம் உண்மையைப் பேசினார், கீழே இருந்தவர்களிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். சீஷர்களின் கால்களைக் கழுவத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவர், பிலாத்துவின் முன்னால் தலைகுனியவில்லை என்பதை நற்செய்தி நூல்கள் ஒன்றாகவே வைத்திருக்கின்றன.

கடைசியாக, சபை ஒருமைப்பாட்டுக்கு அவர் செய்த பணி. மிஷனெரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1919 மே மாதத்தின் முதல் இரண்டு நாட்கள், 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர அனைவரும் இந்தியர்கள். கூட்டியவர்கள் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வி. சந்தியாகுவும். மேலைநாட்டுச் சண்டைகளில் பிறந்த பிரிவுகளை இந்தியாவில் ஏன் சுமக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம் கேட்டது. பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. 1927இல் லோசான் மாநாட்டில், பிரிவினை உங்கள் நாடுகளில் ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவம் என்ற கருத்தை அசரியா முன்வைத்தார். 1930இல் லாம்பெத் மாநாட்டிலும் உலக அத்தியட்சர்கள் முன் இதற்காக மன்றாடினார்.

சிக்கல் குருப்பட்டத்தில் இருந்தது. அத்தியட்சர் கைவைத்து அபிஷேகம் பெறாத மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் குருமார்களை என்ன செய்வது? மறுபடி பட்டம் பெறச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். அவர்களை அப்படியே ஏற்று, முப்பது ஆண்டு காலத்துக்குள் இரு முறைகளும் இயல்பாக ஒன்றாக வளர விடுவது என்று திட்டம் வகுக்கப்பட்டது. எவ்வளவோ எதிர்ப்பைத் தாண்டி ஏறிய அத்தியட்சர் ஆசனம் அது. அதில் அமர்ந்த மனிதரே, அந்த ஆசனத்தின் கை தொடாத குருமார்களும் தமக்கு நிகரான குருமார்கள் என்று சொல்லும் ஏற்பாட்டுக்காக உழைத்தார்.

1945 ஜனவரி முதல் நாள் டோர்னக்கலில் அசரியா காலமானார். அதே மாதத்தில் ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம், சென்னை, டோர்னக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர் ஆகிய நான்கு திருமண்டலங்களும் ஐக்கியத்தில் சேர அனுமதி கொடுத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. 1912 முதல் 1945 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள், இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபையில் சொந்தத் திருமண்டலம் ஆண்ட இந்தியர் அசரியா ஒருவரே. அவர் உயிரோடிருந்த வரை இன்னொரு இந்தியரை அப்படி நியமிக்கச் சபைக்கு மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மாலா, மாதிகா மக்கள்மேல் அவர் வைத்த நம்பிக்கையில் ஒரு பங்கைக்கூட அவருடைய சபை அவருடைய நாட்டார்மேல் வைக்கவில்லை. டோர்னக்கல் கிராமங்களின் கணக்கோ எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது.